பிளவு யார் போட்டது, அறுவடை யாருக்கு?

காரிமங்கலத்தில் தேர்தல் பேச்சை எடுத்தால் முதலில் வருகிற கேள்வி கட்சியைப் பற்றியது அல்ல. கொள்கையைப் பற்றியதும் அல்ல. "நிக்கிறது என்ன ஆளு?" என்பதுதான். பெயர் அப்புறம், சின்னம் அப்புறம். வாரச்சந்தையில் தேங்காய் விற்கிறவர் முதல் எம்.ஏ. முடித்துவிட்டு வேலை தேடுகிறவர் வரைக்கும் இதே கேள்விதான். இதை வைத்துக்கொண்டு வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள், "தர்மபுரிப் பக்கமா? அங்கே எல்லாம் சாதி ஓட்டுத்தானே" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சாதி என்பது ஏதோ மழை, வெயில் மாதிரி தானாக வருகிறது, தானாகவே போய் ஓட்டுப் பெட்டிக்குள் விழுகிறது என்று நினைப்பு.

அப்படி இல்லை தோழர்களே. ஊரும் சேரியும் பிரிந்து கிடப்பது நேற்று நடந்ததல்ல. ஆனால் அந்தப் பிரிவு எப்போது கட்சியாகும், எப்போது ஓட்டாகும், எப்போது தீப்பந்தமாகும் என்பது மனிதர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் செய்கிற வேலை. பிளவு சமூகத்தில் கிடக்கிறது. அதை உழுது விதைக்கிறவன் கட்சிக்காரன். இதை நாம் புரிந்துகொள்ளாவிட்டால், ஒவ்வொரு தேர்தலிலும் நம் கூரையின் சாம்பல்தான் அவனுக்கு எரு.

நம் கதையைப் பேசுவதற்கு முன் வெள்ளைக்காரர்கள் நாட்டுக் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஏனென்றால் "சாதி அரசியல் பண்றது நீங்கதான், நாகரிக நாடுகள்ல எல்லாம் கொள்கை அரசியல்" என்று நம் படித்த நடுத்தர வர்க்கம் அடிக்கடி பாடம் நடத்துகிறது.

அவர்கள் ஊர்ப் பிளவு

1967-ல் லிப்செட், ரொக்கான் என்ற இரண்டு அறிஞர்கள் ஐரோப்பியக் கட்சிகளைப் பற்றி ஒரு தொகுப்பு கொண்டுவந்தார்கள். அங்கேயுள்ள கட்சிகள் நான்கு பழைய பிளவுகளின் மேல் எழும்பியவை என்பது அவர்கள் வாதம். ஆளுகிற மையத்துக்கும் ஓரத்து இனங்களுக்கும் இடையில் ஒன்று. திருச்சபைக்கும் அரசுக்கும் இடையில் ஒன்று. கிராமத்து நிலவுடைமைக்கும் நகரத்து ஆலைக்கும் இடையில் ஒன்று. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையில் ஒன்று. 1920-களில் ஓட்டுரிமை பரவலான காலத்தில் இந்தப் பிளவுகள் கட்சிகளாக உறைந்துவிட்டன, 1960-களிலும் அதே உறைந்த வடிவம்தான் நிற்கிறது என்றார்கள். ஆக, அங்கேயும் "என்ன ஆளு?" என்ற கேள்வி இருந்திருக்கிறது. கத்தோலிக்கனா, புராட்டஸ்டண்டா, சுரங்கத் தொழிலாளியா, பண்ணைக்காரனா என்று கேட்டிருக்கிறார்கள்.

அப்புறம் உறைந்தது இளகியது. இங்கிலாந்தில் போல்சோவர் என்று ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொகுதி. 1950-ல் தொகுதி உருவானது முதல் தொழிற்கட்சியைத் தவிர வேறு யாரும் அங்கே ஜெயித்ததில்லை. சுரங்கத் தொழிலாளியாக இருந்த டென்னிஸ் ஸ்கின்னர் 1970 முதல் அதன் உறுப்பினர். 2019 டிசம்பரில் அவரைத் தோற்கடித்தது கன்சர்வேடிவ் கட்சி. 1984-85-ல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நசுக்கிய தாட்சர் அம்மையாரின் அதே கட்சி! 2024-ல் தொழிற்கட்சி தொகுதியைத் திரும்பப் பிடித்தது என்றாலும், நடந்தது நடந்ததுதான். பிரான்சின் வடக்கே எனான்-பொமோன் என்ற பழைய சுரங்க நகரம் 2014-ல் தீவிர வலதுசாரியான தேசிய முன்னணியின் மேயரைத் தேர்ந்தெடுத்தது.

சுரங்கத்தை மூடினார்கள். சங்கம் போனது. சங்கம் போனதும் தொழிலாளியின் வாசலுக்கு வந்துபோன கட்சிக்காரனும் நின்றுபோனான். வெறுமையாகக் கிடந்த அந்த வாசலுக்கு வேறொருவன் வந்தான். "உன் வேலையைப் பறிச்சது முதலாளி இல்லப்பா, வந்தேறி" என்று காதில் ஓதினான். பிளவு போகவில்லை, கோடு மட்டும் இடம் மாறியது. மேலே கீழே என்று பிரித்த கோடு, பக்கத்து வீட்டுக்காரனுக்கும் இவனுக்கும் நடுவே வந்து விழுந்தது.

பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் தாமஸ் பிக்கெட்டி 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்று நாடுகளிலும் 1948 முதல் 2017 வரை யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்ற அலசல். அன்றைக்குப் படிப்புக் குறைந்த உழைப்பாளிகள் ஓட்டு இடதுசாரிகளுக்கு விழுந்தது. வரவர மெத்தப் படித்தவர்கள் ஓட்டு இடதுக்கும், சொத்துக்காரர்கள் ஓட்டு வலதுக்கும் என்று ஆகிவிட்டது என்கிறார். அதற்கு அவர் வைத்த பெயரைக் கேளுங்கள்: "பிராமண இடது, வணிக வலது"! நம் ஊர்ச் சரக்கு. படிப்பைக் கையில் வைத்திருப்பவன் ஒரு பக்கம், பணத்தைக் கையில் வைத்திருப்பவன் மறுபக்கம். இரண்டு மேலிடங்களும் மாறிமாறி ஆள, உழைக்கிறவனுக்குக் கட்சி இல்லாமல் போனது என்பதுதான் அவர் சொல்ல வருவது. சரிதான். ஆனால் வருணத்தைக் கடன் வாங்குகிறவர்களிடம் நாம் ஒன்று கேட்க வேண்டும். ஐயா, வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் உங்கள் ஊரில் இல்லையா?

இருக்கிறான். ரோமா மக்கள் என்று பெயர். ஜிப்சி என்று இழிவாகக் கூப்பிடுவார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு அவர்கள் மொழியே சாட்சி. அவர்களுக்கும் ஊருக்கு வெளியே குடியிருப்பு, பள்ளியில் தனி வகுப்பு, வேலையில் கடைசி வரிசை.

ஹங்கேரியில் 1989-க்குப் பிறகு அரசாங்க ஆலைகளும் சுரங்கங்களும் மூடப்பட்டபோது முதலில் வெளியே தள்ளப்பட்டது ரோமா தொழிலாளிகள். வேலை போனவனைப் பார்த்து "சோம்பேறி", "திருடன்" என்றார்கள். 2006 அக்டோபரில் ஒலாஸ்லிஸ்கா என்ற ஊரில், காரில் வந்த ஆசிரியர் ஒருவர் ரோமா சிறுமி மீது வண்டியை மோதிவிட்டார் என்று நினைத்த ஒரு கும்பல், அவரை அடித்தே கொன்றது. கொடுமைதான், சந்தேகமில்லை. செய்தவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஆனால் யோபிக் என்ற கட்சிக்கு அந்த ஒரு சாவு போதுமாக இருந்தது. "ஜிப்சிக் குற்றம்" என்ற சொல்லை ஊர் ஊராகக் கொண்டுபோனது. 2007-ல் சீருடை போட்ட ஒரு படையைக் கட்டி ரோமா குடியிருப்புகள் வழியாக அணிவகுத்தது. 2006 தேர்தலில் இன்னொரு கட்சியோடு சேர்ந்தும் 2 சதவீதத்தைச் சற்றே தாண்டிய யோபிக், 2010-ல் 16 சதவீதத்துக்கு மேல் வாங்கி 47 இடங்களில் ஜெயித்தது. நடுவில் 2008-09-ல் இனவெறியர்கள் சிலர் ரோமா மக்கள் ஆறு பேரைக் கொன்றார்கள். ஒரு வீட்டுக்குத் தீ வைத்து, வெளியே ஓடிவந்த தகப்பனையும் சின்னஞ்சிறு மகனையும் சுட்டார்கள்.

அடுத்து நடந்ததுதான் நமக்குப் பாடம். யோபிக் கட்சியின் ஓட்டைப் பிடிக்க, 2010-ல் ஆட்சிக்கு வந்த பெரிய கட்சியான ஃபிதெஸ் அதே பேச்சைப் பேச ஆரம்பித்தது. ரோமா பிள்ளைகளைத் தனி வகுப்பில் அடைத்ததற்கு இழப்பீடு கொடு என்று நீதிமன்றம் சொன்னபோது, 2020-ல் பிரதமர் ஓர்பானே அதை எதிர்த்துப் பேசினார். சின்னக் கட்சி தேய்ந்தாலும் அது வரைந்த கோட்டைப் பெரிய கட்சி எடுத்துக்கொள்ளும். கோட்டை அழிக்க யாரும் வரமாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே ஹங்கேரியின் வடகிழக்கில் ரோமா மக்கள் 2007-ல் 'ஜெய்பீம்' என்ற பெயரில் அமைப்புக் கட்டி, சாயோகாசா என்ற ஊரில் அண்ணல் அம்பேத்கர் பெயரில் பள்ளி தொடங்கினார்கள். நம் நிலைமையும் அவர்கள் நிலைமையும் ஒன்று என்று நமக்கு முன்னால் அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நம் ஊர்ப் பிளவு

ஒரு சாவு. அதைச் சுற்றி ஒரு சொல். அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு கட்சி. இந்தக் கதையைக் கேட்டால் தர்மபுரிக்காரனுக்கு நெஞ்சு பதறாமல் இருக்காது. நத்தம் காலனி, கொண்டம்பட்டி, அண்ணா நகர் மூன்றும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன.

ஆனால் 2012-லிருந்து கதையைத் தொடங்கினால் தப்பாகிவிடும். அந்தச் சேரிகளுக்குப் பக்கத்தில் உள்ள நாயக்கன்கொட்டாய், அப்பு, பாலன் என்ற நக்சல்பாரித் தோழர்களுக்குச் சிலை வைத்த ஊர். 1970-களின் கடைசியில் இந்தப் பகுதியில் வன்னிய இளைஞர்களும் தலித் இளைஞர்களும் ஒரே அமைப்பில் நின்று டீக்கடை இரட்டைக் குவளைக்கு எதிராகவும் கந்துவட்டிக்கு எதிராகவும் போராடினார்கள். 1980-ல் போலீஸ் வேட்டையாடியது. அந்த வருசம் செப்டம்பரில் பாலன் கொல்லப்பட்டார். சாதி அன்றைக்கும் இருந்தது. ஊர் வேறு, சேரி வேறாகத்தான் இருந்தது. ஆனாலும் கந்துவட்டிக்காரன் ஒரு பக்கம், கடன்பட்டவன் மறுபக்கம் என்று கோடு போட முடிந்தது. கோடு போட ஆள் இருந்தார்கள், அவ்வளவுதான். அந்த ஆட்களைப் போலீஸ் சுட்டுத் தீர்த்த பிறகு, வெறுமையான இடத்தில் வேறு கோடு விழுந்தது. போல்சோவரில் சங்கம் போன இடத்தில் நடந்ததும் இதுதான்.

வன்னியர் அரசியலும் ஒரே அச்சில் வார்த்ததல்ல. 1952 தேர்தலில் ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சியும் மாணிக்கவேலரின் பொதுநலக் கட்சியும் சட்டமன்றத்தில் 19, 6 என்று இடங்களைப் பிடித்தன. மாணிக்கவேலர் ராஜாஜி மந்திரிசபையிலும் படையாட்சியார் காமராசர் மந்திரிசபையிலும் உட்கார்ந்தார்கள். இரண்டு கட்சிகளும் காங்கிரசில் கரைந்தன. சாதி கரையவில்லை, கட்சி கரைந்தது. 1980-ல் வன்னியர் சங்கம். 1987 செப்டம்பரில் ஒரு வாரம் சாலை மறியல். துப்பாக்கிச் சூட்டிலும் தடியடியிலும் 21 பேர் செத்தார்கள். கூலிக்கும் குத்தகைக்கும் உழைத்த ஒரு சமூகம் படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்டது நியாயமே. ஆனால் அந்த ஒரு வாரத்திலும் தென்னார்க்காட்டுப் பக்கம் சேரிக் குடிசைகள் எரிந்தன என்பதை மறக்க முடியாது. 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத ஒதுக்கீடு வந்தது. அதே ஆண்டு ஜூலை 16-ல் பாட்டாளி மக்கள் கட்சி.

அந்தக் கட்சி தொடங்கியபோது மார்க்ஸ், பெரியார், அம்பேத்கர் மூன்று பேரையும் வழிகாட்டிகள் என்று சொல்லிக்கொண்டது. பொதுச் செயலாளர் பொறுப்பில் தலித் எழில்மலை இருந்தார். 1998-ல் சிதம்பரத்தில் அந்தக் கட்சி சார்பில் ஜெயித்து வாஜ்பாய் மந்திரிசபையில் இணையமைச்சரானார். பிறகு ஒரு காலத்தில் ராமதாசும் திருமாவளவனும் தமிழ் பாதுகாப்பு இயக்கம் என்று ஒரே மேடையில் நின்றார்கள். 2011 தேர்தலில் இரண்டு கட்சிகளும் தி.மு.க. கூட்டணியில் இருந்தன. பிளவு அப்படியேதான் இருந்தது. ஆனால் தேர்தல் கணக்கு இரண்டு பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தது.

அந்தக் கணக்கு எங்கே மாறியது? 2009 நாடாளுமன்றத் தேர்தலில் பா.ம.க. ஓர் இடத்தில்கூட ஜெயிக்கவில்லை. 2011-ல் நின்ற 30-ல் ஜெயித்தது 3. நடுவில் 2010 மார்ச்சில் நம் மாவட்டத்துப் பென்னாகரத்தில் இடைத்தேர்தல். தனியாக நின்ற பா.ம.க. ஜெயிக்கவில்லை, ஆனால் அ.தி.மு.க.வைப் பின்னுக்குத் தள்ளி இரண்டாம் இடத்துக்கு வந்தது. தனியாகச் சாதியைத் திரட்டினால் பிழைக்கலாம் என்று ருசி கண்டது அங்கேதான் என்பது என் கருத்து. கொள்கையால் கரையேற முடியாதவனுக்குச் சாதிதான் தெப்பம்.

2012 நவம்பர் 7. நத்தம் காலனி இளைஞன் இளவரசன் ஒரு வன்னியப் பெண்ணைக் கலியாணம் செய்துகொண்டான். அந்தப் பெண்ணின் தகப்பனார் தூக்கு மாட்டிக்கொண்டார் என்ற செய்தி வந்த அன்றைக்கே மூன்று சேரிகளுக்குள் கும்பல் புகுந்தது. 250-க்கு மேற்பட்ட வீடுகள். தீ வைத்தது குடிசைக்கு மட்டுமல்ல. பெங்களூருக்குப் போய்ச் சென்ட்ரிங் வேலை பார்த்து, சித்தாள் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் கட்டிய சிமெண்ட் வீடுகள், பீரோ, நகை, மோட்டார் சைக்கிள், பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ் எல்லாம் போனது. தோழர்களே, அவர்களுக்கு எரிந்தது காதல் அல்ல. சேரிக்காரன் சிமெண்ட் போட்டதுதான் எரிந்தது. 2013 ஜூலை 4-ல் தர்மபுரி ரயில் தண்டவாளத்தின் ஓரம் இளவரசனின் உடல் கிடந்தது.

கும்பலை யார் அனுப்பினார்கள் என்பது வழக்குக்கு உரியது. ஊரறிய நடந்ததை மட்டும் சொல்கிறேன். தீ அணைந்த அடுத்த மாதமே பா.ம.க. நிறுவனர் தலித் அல்லாத சாதிகளின் தலைவர்களைக் கூட்டினார். "நாடகக் காதல்" என்ற சொல் மேடைக்கு மேடை ஒலித்தது. ஜீன்ஸ் பேண்ட், டீ சர்ட், கூலிங் கிளாஸ் குற்றச்சாட்டு ஆனது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்து என்றார்கள். ஹங்கேரியில் "ஜிப்சிக் குற்றம்" செய்த வேலையை இங்கே "நாடகக் காதல்" செய்தது.

சரியாகப் பதினெட்டு மாதம் கழித்து 2014 மே. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37-ஐ அ.தி.மு.க. வாரிக்கொண்டுபோனது. தப்பியவை இரண்டே இரண்டு. ஒன்று கன்னியாகுமரி. இன்னொன்று தர்மபுரி, அன்புமணி 77,146 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். மாநிலம் முழுக்க அடித்த அலை நம் மாவட்டத்து எல்லையில் வந்து நின்றது. ஏன் நின்றது என்று அரசியல் விஞ்ஞானம் படிக்கிற மாணவர்கள் யோசிக்க வேண்டும்.

யார் ஓட்டுக்குப் போட்டி?

இதோடு கதை முடிந்திருந்தால் "சாதி உறைந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று கையைக் கட்டிக்கொள்ளலாம். முடியவில்லை. 2019-ல் அதே தொகுதியில் அதே வேட்பாளர் 70,753 ஓட்டில் தி.மு.க.விடம் தோற்றார். காரணம் பலவாக இருக்கலாம். ஒன்று கண்ணெதிரே தெரிந்தது. சேலம் - சென்னை எட்டு வழிச்சாலை. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் நிலத்தை அளக்க வந்தபோது எல்லாச் சாதி விவசாயியும் கல்லைப் பிடுங்கி எறிந்தான். அந்தச் சாலையை எதிர்த்து வழக்குப் போட்டவரே, அதைக் கொண்டுவந்த ஆட்சியோடு கூட்டணி வைத்தார். "இது என்னய்யா நியாயம்?" என்று கேட்டவர்களில் அவர் சாதிக்காரர்களும் உண்டு. காலடி மண் போகிறது என்றால் சாதிக்கோடும் வளையும் என்பதற்கு இது சாட்சி.

கோடு போட்டவர்கள் சும்மா இருப்பார்களா? 2021 பிப்ரவரி 26, தேர்தல் தேதி அறிவித்த அதே நாளில் அ.தி.மு.க. அரசு வன்னியருக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஓட்டுப்பதிவு. மாநிலத்தில் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது; தர்மபுரி மாவட்டத்திலோ பாலக்கோடு, பென்னாகரம், தர்மபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் ஐந்தும் அ.தி.மு.க. அணிக்கு. நம் காரிமங்கலத்து கே.பி.அன்பழகன் பாலக்கோட்டில் 2001 முதல் ஐந்தாவது முறை ஜெயித்தார். முறையான புள்ளிவிவரம் இல்லாமல் போட்ட சட்டம் என்று 2021 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சட்டம் போனது, ஜெயித்த ஐந்தும் ஜெயித்ததுதான். 2024-ல் மறுபடி பா.ம.க. இங்கே 21,300 ஓட்டில் தோற்றது. ஆக, மாவட்டம் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததல்ல.

இதில் சந்தோசப்பட நமக்கு என்ன இருக்கிறது? அங்கேதான் விசயம். ஒரு கட்சி 10.5 கொடுக்கிறது. இன்னொரு கட்சி 1987-ல் செத்த 21 பேருக்கு விழுப்புரத்தில் மணிமண்டபம் கட்டி 2025 ஜனவரியில் திறக்கிறது. போராடிச் செத்தவர்களுக்கு மண்டபம் வேண்டியதுதான். ஆனால் நத்தத்தில் எரிந்தவர்களுக்கு எந்தக் கட்சி என்ன கட்டியது? போட்டி நடப்பது யார் ஓட்டுக்கு என்று பாருங்கள். எல்லாரும் ஊருக்குள்ளே நின்று ஏலம் கேட்கிறார்கள். சேரி ஓட்டுக்கு ஏலமே இல்லை. "அவங்க எங்க போயிடப் போறாங்க? எப்படியும் எதிர்த்துப் போட்டுத்தானே ஆகணும்" என்கிற தெம்பு. இந்த மாவட்டத்தில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் தலித். ஆனாலும் நம் ஓட்டுக்குப் பெயர் "கூட்டல் ஓட்டு". பயந்தவன் ஓட்டுக்கு விலை பேச வேண்டியதில்லை. பிளவு அரசியலின் சூட்சுமம் இதுதான்: அது எதிரிக்கு மட்டும் லாபம் அல்ல, நம்மைக் காப்பாற்றுகிறேன் என்று வருகிறவனுக்கும் லாபம்.

விதிமுறையிலேயே இருக்கிறது வினை

இது வேட்பாளர்களின் கெட்ட புத்தி மட்டுமல்ல, ஓட்டு எண்ணுகிற முறையின் வேலையும்கூட. ஹாலந்தில் 1917 முதல் விகிதாச்சாரத் தேர்தல். எத்தனை சதவீத ஓட்டோ அத்தனை சதவீத இடம். 2017-ல் துருக்கி வம்சாவளிக்காரர்கள் தொடங்கிய டென்க் என்ற புதுக் கட்சி 2 சதவீதம் சொச்சம் வாங்கி, 150-ல் 3 இடம் எடுத்தது. யாருடைய தோளிலும் ஏறாமல் தன் காலிலேயே போய்ச் சபையில் உட்கார்ந்தது. இங்கே? 2014-ல் பகுஜன் சமாஜ் கட்சி நாடு முழுக்க 4 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. ஓட்டு வரிசையில் மூன்றாவது கட்சி. கிடைத்த இடம் பூஜ்யம். 2016-ல் திருமாவளவன் காட்டுமன்னார்கோயிலில் 87 ஓட்டில் தோற்றார். விடுதலைச் சிறுத்தைகள் நின்ற 25-லும் தோல்வி. எல்லா ஊரிலும் சேரி உண்டு, எந்தத் தொகுதியிலும் சேரி மட்டும் ஜெயிக்க முடியாது. சிதறி வாழ வைக்கப்பட்டவர்களுக்கு இந்த முறை போட்ட பூட்டு இது.

இந்தப் பூட்டை அண்ணல் அன்றைக்கே பார்த்தார். வட்டமேசை மாநாட்டில் அண்ணலும் நம் இரட்டைமலை சீனிவாசனும் கேட்டது அதனால்தான். 1932 ஆகஸ்டில் தனி வாக்காளர் தொகுதி கிடைத்தது. காந்தியார் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24-ல் பூனா ஒப்பந்தத்தில் அது பறிபோனது. பதிலுக்கு வந்த தனித்தொகுதியில் நிற்கிறவன் தலித், அவனைத் தேர்ந்தெடுக்கிற பெரும்பான்மை தலித் அல்ல. அந்த முறையில் 1952-ல் பம்பாயில் அண்ணலே தோற்றார். அரசியல் சட்டத்தை வரைந்தவரைத் தோற்கடித்த முறை, அரூரில் யாரைக் காப்பாற்றும்? கீழே பஞ்சாயத்து மட்டத்தில் இன்னும் பச்சையாக நடந்தது. 1997-ல் மேலவளவில் தலைவரான குற்றத்துக்காக முருகேசனையும் உடனிருந்த ஆறு பேரையும் வெட்டினார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து வருசம், 2006 வரை, தேர்தலையே நடக்கவிடவில்லை.

இவ்வளவு பூட்டுக்கும் நடுவே கொஞ்சம் வழி திறந்திருக்கிறது. 2021-ல் சிறுத்தைகள் பானைச் சின்னத்தில் ஜெயித்த நான்கில் திருப்போரூர், நாகப்பட்டினம் இரண்டும் பொதுத்தொகுதி. 2024-ல் சிதம்பரம், விழுப்புரம் இரண்டும் ஜெயித்து மாநிலக் கட்சி அங்கீகாரம் வந்தது. சொந்தச் சின்னம், பொதுத்தொகுதி இரண்டும் சின்ன விசயமல்ல. ஆனாலும் கூட்டணிக் கதவு வழியாகத்தான் உள்ளே போக முடிந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நாம் என்ன செய்வது?

முதலில், அவன் போட்ட கோட்டை நாமும் ஒப்புக்கொள்ளக் கூடாது. "வன்னியன் எல்லாம் நமக்கு எதிரி" என்று நம் பையன் ஒருவன் சொல்கிற நிமிசத்தில் எதிர்க்கட்சிக்காரன் ஜெயித்துவிட்டான். திங்கட்கிழமை விடியற்காலை பெங்களூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவர்களில் ஊர்க்காரனும் இருக்கிறான், சேரிக்காரனும் இருக்கிறான். அங்கே மேஸ்திரி இரண்டு பேருக்கும் ஒரே கூலிதான் கொடுக்கிறான். சாரத்திலிருந்து விழுந்தால் இரண்டு பேருக்கும் ஒரே கதிதான். இதைச் சொல்வதால் சாதி ஆதிக்கத்தை மன்னித்துவிட்டதாக ஆகாது. தீ வைத்தவனுக்குத் தண்டனை வேண்டும், அதில் சமரசம் கிடையாது. தீ வைக்காதவனிடம் பேச வேண்டும், அதில் சலிப்புக் கிடையாது. இரட்டைக் குவளையை இரண்டு சாதி இளைஞர்களும் சேர்ந்து உடைத்த மண் இது.

இரண்டாவது, நம் வீட்டுக்குள் இருக்கிற பிளவு. பறையர் தெருவும் அருந்ததியர் தெருவும் தனித்தனியாகக் கிடக்கும்போது தலித் ஒற்றுமை என்று மேடையில் பேசினால் யார் நம்புவான்? 2009-ல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்டில் ஏழு நீதிபதிகள் அமர்வு உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. இதை நம் பங்கில் கைவைத்ததாகப் பார்க்கிற மனசு, 20 சதவீதத்தைப் பார்த்து எரிந்தவன் மனசுக்குப் பக்கத்து வீடு. மலம் அள்ளவும் சாக்கடையில் இறங்கவும் யாரை அனுப்பினார்களோ அவன் முன்னால் நிற்காத விடுதலை இயக்கம் விடுதலை இயக்கமல்ல. நாம் இதைச் சரி செய்யாவிட்டால் நாளைக்கு ஒருவன் வந்து இந்தக் கோட்டிலும் உழுது விதைப்பான்.

மூன்றாவது, நம் ஓட்டு கேட்டு வாங்க வேண்டிய ஓட்டாக மாற வேண்டும். பயத்துக்குப் போடுகிற ஓட்டைக் கோரிக்கைக்குப் போடுகிற ஓட்டாக மாற்றுவோம். பஞ்சமி நிலத்தைக் கணக்கெடுத்துத் திருப்பிக் கொடுப்பாயா? ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் போடுவாயா? 2025 அக்டோபரில் இதற்காக நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் என்று அரசு அறிவித்தது. இத்தனை பிணம் விழுந்த பிறகு ஆணையம்! வன்கொடுமை வழக்குகளை வருசக்கணக்கில் இழுக்காமல் முடிப்பாயா? எந்தக் கட்சி வந்தாலும் சேரி முனையில் நிறுத்தி இதைக் கேட்க வேண்டும். எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டும். "உங்க பாதுகாப்புக்கு நாங்க இருக்கோம்" என்று வருகிறவனிடம், "2012 நவம்பர்ல எங்க இருந்தீங்க?" என்று கேட்கத் தெரிய வேண்டும்.

நான்காவது, விகிதாச்சாரத் தேர்தல் முறையைக் கேட்கிற குரல் நம் இயக்கத்தின் குரலாக வேண்டும். அண்ணல் 1932-ல் பறிகொடுத்ததை அதே வடிவில் கேட்க முடியாமல் போகலாம். ஆனால் சிதறிக் கிடக்கிறவன் ஓட்டும் சபைக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற கேள்வி சாகவில்லை. மாணவத் தோழர்கள் இதைப் படிக்க வேண்டும், ஊருக்கு ஊர் கூட்டம் போட்டுப் பேச வேண்டும்.

ஐரோப்பாவில் சுரங்கம் மூடியபோது தொழிலாளியின் வாசலுக்கு முதலில் போயிருக்க வேண்டியவர்கள் போகவில்லை, வெறுப்பு போனது. தர்மபுரியில் 1980-க்குப் பிறகு நடந்ததும் அதுதான். வாசல் காலியாக இருந்தால் யாராவது வரத்தான் செய்வார்கள். அடுத்த தேர்தல் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே போவோம். சேரி வாசலுக்கும் போவோம், அருந்ததியர் தெரு வாசலுக்கும் போவோம், கூலிக்காரனாக இருக்கிற ஊர்க்காரன் வாசலுக்கும் போவோம். கதவைச் சாத்தினால் மறுபடி தட்டுவோம்.